முதலாளியின் வெள்ளை விரிப்பு

அத்தை எதையும் புறங்கையால்தான் தொடுவாள். தேநீர் டம்ளர், என் நெற்றி, மழைக்காலத்துச் சுவர், பேருந்தில் ஏறினால் இருக்கை என்று எதுவானாலும் முதலில் விரல்களின் பின்பக்கம்தான் போகும். சின்ன வயதில் அதை ஏதோ அருவருப்பு என்று நினைத்திருந்தேன். ஒருமுறை என் வகுப்புத் தோழியின் கன்னத்தை அப்படித் தொட்டுவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய், "அவ அத்தைக்கு என்னைப் பிடிக்கலை" என்று அழுதிருக்கிறாள். முப்பது வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அத்தை கல்யாணமாகிப் போய் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவள். "எனக்கு அங்க சரிப்படலை" என்று மூன்று வார்த்தை சொன்னாளாம். நான்காவது வார்த்தையை இன்றுவரை யாரும் அவளிடமிருந்து வாங்கியதில்லை. வந்த மறுவாரமே தேய்க்க ஆரம்பித்தாள். அவளுடைய தம்பியான என் அப்பா பிறகு சேர்ந்துகொண்டார். அவர் துவைப்பார், உலர்த்துவார், மூட்டை கட்டி ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். அம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கடைப்பக்கம் வரமாட்டாள், வந்தாலும் நீராவிக்குப் பயந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள்.

கடை என்று நாங்கள் சொல்வது நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நீள அறை. கம்பளியை விரித்து அதன்மேல் துணியை இழுத்துக் கட்டிய இரண்டு மேசைகள். மூலையில் பெரிய துவைக்கும் இயந்திரம். சுவரோரம் திறந்த அலமாரி. எங்கள் வருமானத்தில் சரிபாதி ஒரே இடத்திலிருந்து வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கண் மருத்துவமனை, பத்துக் கட்டில். விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் கோட்டு எல்லாம் வெள்ளை. ஓரத்தில் நீல நூலால் ஒரு சின்னத் தையல் இருக்கும். நீலம் கண்ணில் பட்டால் அது மருத்துவமனைத் துணி, மற்றதோடு கலக்கக் கூடாது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அந்த நீல நூல்தான் என்னைப் படிக்க வைத்தது. கல்லூரியில் சேர்ந்த அன்றே அத்தை என்னை "டிகிரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். வாங்கி முடிக்கும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை.

கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது பூனை வந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருந்தது. மழையில் நனைந்துகொண்டு உள்ளே நுழைந்தது, யாரையும் பார்க்கவில்லை, நேராக அலமாரியில் ஏறி, அப்போதுதான் தேய்த்து அடுக்கிய டாக்டர் கோட்டுகளின்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. சூடான துணி என்றால் பூனைக்கு எவ்வளவு ஆசை என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஏழு கோட்டை மறுபடி துவைத்தோம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருமுனையில் விட்டார். அவர் கைகழுவிவிட்டுத் திரும்புவதற்குள் அது மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, இது சரிவராது. நம்ம தொழிலுக்கும் பூனைக்கும் ஏழாம் பொருத்தம். மீன் கடைக்காரன் வேணும்னா வளர்க்கலாம்."

"மீன் கடைக்காரன் வளர்த்தா மீன் போயிடும்டா."

"நாம வளர்த்தா கடையே போயிடும்."

அத்தை குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். "ஒரு வேலையும் செய்யாம, நாம செய்யுறதை மட்டும் பார்த்துக்கிட்டு இருக்கு. முதலாளி மாதிரி." அதோடு பெயரும் நிலைத்துவிட்டது.

முதலாளிக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. தொடையில் கட்டி வந்து கீறி மருந்து வைக்க வேண்டியிருந்தது. மருந்து வைத்துவிட்ட அப்பாவின் கையை முழங்கை வரை பிறாண்டியது. எதையும் கட்டம் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நோட்டில் செலவு, அசிங்கம், ஆபத்து என்று மூன்று தலைப்புப் போட்டு, ஒரு மாதம் எல்லாவற்றையும் எழுதினேன். அத்தையிடம் வாசித்தும் காட்டினேன். அவள் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் சரி. இந்தப் பக்கம் என்னடி காலியா கிடக்கு?"

"அது லாபம். என்ன எழுதுறதுன்னு தெரியலை."

"எனக்கும் தெரியலை. அப்படியே கிடக்கட்டும்."

ஆனால் கொஞ்ச நாளில் எனக்கு ஒன்று தெரிந்தது. அத்தையின் கெண்டைக்காலில் நரம்புகள் முறுக்கிக்கொண்டு புடைத்திருக்கும். "ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது காலை நீட்டி உட்காருங்க" என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா சொன்னார், நான் சொன்னேன், அம்மா வாசலில் நின்று சொன்னாள். யார் சொல்லியும் கேட்காதவள், பூனைக்கு முடி வாருவதற்காக மாலை நான்கு மணிக்கு உட்கார ஆரம்பித்தாள். முக்காலியில் அது, எதிரே நாற்காலியில் இவள், கால்கள் ஒரு மூட்டையின் மேல். இருபது நிமிடம். சீப்பில் வந்த முடியை உருட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டு எழுந்திருப்பாள். ஆறு மாதத்தில் கால் வீக்கம் வற்றியது. மூன்று பேர் சொல்லி நடக்காததை அது ஒரு வார்த்தை பேசாமல் நடத்திவிட்டது.

அது வாடிக்கையாளர் துணியின்மேல் ஏறாமல் இருக்க அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுவில் நைந்துபோனதால் மருத்துவமனை கழித்துக் கொடுத்த ஒரு வெள்ளை விரிப்பு கரித்துணிக் கூடையில் கிடந்தது. அதைத் தினமும் மூன்று நான்கு முறை உதறி, சூடாகத் தேய்த்து, அழகாக மடித்து, முக்காலியில் வைப்பாள். முதலாளி ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆறியதும் இறங்கி வந்து அத்தையின் காலில் முட்டும். மறுபடி சூடு.

"பெத்த பிள்ளைக்குக்கூட யாரும் இப்படி விரிப்பு தேய்ச்சுப் போட்டதில்ல" என்றார் அப்பா.

"உனக்கும் வேணும்னா சொல்லு, தேய்ச்சுப் போடுறேன். முட்டத் தெரியுமா உனக்கு?"

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை கட்டுகிறவர் துணியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. தொட்டுப் பார்ப்பார். மடித்திருந்து சூடாகவும் இருந்தால் அது முடிந்த துணி. அத்தையின் மடிப்பைப் பிரித்தால் அது அவளுக்கு அவமானம். அப்பா ஒருநாளும் பிரித்ததில்லை.

நான் டிகிரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. மருத்துவமனையின் தலைமை நர்ஸ். நாங்கள் அவரைப் பெரிய சிஸ்டர் என்போம். அத்தையின் கை வேலையாக இருந்ததால் நான் போனை அவள் பக்கம் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, சனிக்கிழமை வந்த விரிப்பு எல்லாத்தையும் திருப்பி அனுப்புறேன். இன்னொரு தடவை துவைச்சுக் குடுத்துடுங்க. மூணாம் கட்டில்ல பூனை முடி. படுத்திருந்த அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் சிவந்து வீங்கிப்போச்சு. இன்னிக்கு நடக்க வேண்டிய ஆபரேஷனை டாக்டர் தள்ளி வெச்சுட்டார்."

அத்தை போன் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"தப்பு உங்க மேல இல்லக்கா. எங்க வார்டு ஆயா பின்வாசல்ல ஒரு பூனைக்குச் சாப்பாடு வெக்கிறா. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. இப்ப நல்லா மாட்டிக்கிட்டா."

கருகல் வாசனை வந்தது. அத்தையின் பெட்டி யாரோ ஒருவரின் சட்டை முதுகில் அசையாமல் நின்றிருந்தது. அவள் துணியைக் கருக்கியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

முக்காலியைப் பார்த்தோம். வெறும் பலகையில் முதலாளி சுருண்டு கிடந்தது. நேற்று ஞாயிறு, கடை விடுமுறை. காலையிலிருந்து வேலை நெருக்கடியில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"டேய், இங்க ஒரு விரிப்பு இருந்துச்சே?"

"சனிக்கிழமை கடை மூடுற நேரத்துல மேசை மேல சூடா மடிச்சு இருந்துச்சு. நீல நூல் போட்டிருந்துச்சு. எடுத்து…" அப்பா அங்கேயே நிறுத்தினார். மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்போது பேசியது நான்தான். மூன்று பேரில் அதிகம் படித்தவள். "அவங்களே ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நாம போய் இல்லைன்னு சொன்னா ஆஸ்பத்திரி வேலையும் போகும், பூனையும் போகும். ஆயாவை என்ன பண்ணிடுவாங்க? ரெண்டு திட்டு திட்டுவாங்க. அதோட முடிஞ்சுது."

"டிகிரி சொல்றதும் நியாயம்தான்" என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

அத்தை கருகிய சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அத்தை விரிப்பு எதையும் சூடாக்கவில்லை. பூனை வந்து வந்து முட்டியது. நான்கு மணிக்கு அவள் உட்காரவுமில்லை, நின்றபடியே தேய்த்தாள். வியாழன் காலை மருத்துவமனை மூட்டையைத் தானே தூக்கினாள்.

"நான் போறேன்."

"ஸ்கூட்டர்ல ஏறுக்கா, விட்டுட்டு வரேன்."

"வேணாம். சொல்ல வேண்டியதை நடந்துக்கிட்டே அடுக்கிக்கணும். நீ வாடி, அந்தச் சின்ன மூட்டையைத் தூக்கிக்க."

மருத்துவமனையின் துணி அறையில் பெரிய சிஸ்டர் எண்ணிக்கொண்டிருந்தார். அத்தை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்காராமல் சொன்னாள். எங்கள் கடையில் பூனை இருப்பதை, விரிப்பை, சூட்டை, நீல நூலை, எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நாள் பேசாமல் இருந்ததையும் சொன்னாள். என் யோசனையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பெரிய சிஸ்டர் பேனாவை மூடினார். "இதை முந்தாநாள் சொல்லியிருக்கக் கூடாதா? நேத்து சாயங்காலம் எங்க ஆயாவை நிறுத்திட்டோம். பதினோரு வருஷ ஆள்."

அத்தை இறக்கி வைத்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அவ என்ன சொன்னா?"

"'சாப்பாடு வெச்சது நெஜம், உள்ள விட்டது நெஜமில்ல'ன்னு சொன்னா. நான் நம்பலை. சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டா."

பிறகு பெரிய சிஸ்டர் கறாராகச் சொன்னார். "நீங்களா வந்து சொன்னீங்க, அதனால ஒரு வாரம் தரேன். துணி இருக்கிற இடத்துல பூனை இருக்கக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை நானே வருவேன். ஒரு முடி கண்ணுல பட்டாலும் வேற ஆளைப் பார்த்துக்குவோம்."

திரும்பும் வழி முழுவதும் அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் நோட்டில் ஆபத்து என்ற தலைப்பின்கீழ் கடி, பிறாண்டல், தொற்று, வாடிக்கையாளர் போவது என்று வரிசையாக எழுதியிருந்தேன். எல்லாமே எங்களுக்கு வரக்கூடியவை. நாங்கள் வளர்க்கும் பூனையால் இரண்டு தெரு தள்ளி, பார்த்தேயிராத ஒரு பெண்ணின் வேலை போகும் என்பதற்கு என்னிடம் கட்டமே இருக்கவில்லை.

கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். அப்பா ஏற்கெனவே ஒரு ஏற்பாட்டோடு காத்திருந்தார். "தெருமுனை அரிசிக் கிடங்குக்காரன் எலித் தொல்லைக்குப் பூனை கேட்டுக்கிட்டே இருக்கான். நாளைக்கே கொண்டுபோய் விட்டுடலாம். நல்லா பார்த்துக்குவான்கா."

அத்தை முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "வெள்ளைத் துணிக்கு நடுவுல இன்னொரு வெள்ளைத் துணியை வெச்சது நான். பார்க்காம கட்டினது நீ. பேசாம இருன்னு சொன்னது இவ. அது செஞ்சது என்ன? தூங்குச்சு. தப்பு பண்ணின மூணு பேரும் உள்ள இருப்போம், தூங்கினதை மட்டும் வெளிய அனுப்புறதா?"

"சரி, ஆஸ்பத்திரி போனா? வாடகை? இவளுக்கு இன்னும் வேலைகூடக் கிடைக்கலை."

"ஒரு வாரம் இருக்குல்ல. ஒரு வாரத்துல சாதிக்காததை நான் எப்பவும் சாதிச்சதில்ல" என்றாள். அது தைரியமா பயமா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அந்த ஏழு நாளும் எங்கள் அறை கட்டட வேலை நடக்கும் இடம்போல இருந்தது. மாடிப்படிக்கு அடியில் உடைந்த சைக்கிளும் பெயிண்ட் டப்பாக்களும் அடைத்துக்கிடந்த பொந்தைக் கட்டட உரிமையாளரிடம் கேட்டு வாங்கினோம். "பூனைக்கா? வாடகை கேட்டா சிரிப்பாங்க, வெச்சுக்கங்க" என்றார். தச்சர் கம்பி வலை அடித்த கதவு போட்டார். தெருப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் திறந்தார். திறந்த அலமாரி போய்க் கதவு வைத்த பழைய இரும்பு அலமாரி வந்தது. அப்பாதான் அதைத் தேடிப் பிடித்துச் சுமந்து வந்தவர். கிடங்குக்காரனைப் பற்றிப் பிறகு பேசவில்லை. பொந்துக்குள் போக அத்தைக்கு ஒரு தனி மேலங்கி. வெளியே வந்ததும் கழற்றி மாட்டிவிட்டுக் கைகழுவ வேண்டும். கடைசியாக, பூனையின் விரிப்பு இனி வெள்ளையாக இருக்கக் கூடாது என்று பழைய துணி இரண்டை எடுத்துக் கருஞ்சிவப்புச் சாயத்தில் முக்கினாள். இரண்டு நாள் அவள் விரல் நகமெல்லாம் சிவப்பு.

பெரிய சிஸ்டர் சொன்னபடி வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியை எடுத்து அலமாரித் தட்டு, மேசை விளிம்பு, இயந்திரத்தின் மேல்பக்கம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பா அறையின் ஓரத்தில் பரீட்சை எழுதுகிறவர்போல நின்றார்.

"எங்க அது?"

அத்தை வலைக்கதவைக் காட்டினாள். சிவப்பு விரிப்பில் படுத்திருந்த முதலாளி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"தனி அறையா!"

"ஆமா சிஸ்டர்."

"ஜன்னல் வேற. எனக்கே ஆஸ்பத்திரில ஜன்னல் இல்ல."

"அதுக்குப் பேரு முதலாளி" என்றார் அப்பா, வாய் தவறி.

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் துணியை மடித்துப் பையில் வைக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு மாதம் ஓடி, இப்போது இரண்டு வருடம் ஆகிறது. நீல நூல் துணி இன்றும் எங்களிடம்தான் வருகிறது. அத்தை நான்கு மணிக்குக் கால் நீட்டி உட்காருகிறாள், பொந்துக்குள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

மூன்றாம் கட்டில் அம்மாவுக்கு இரண்டு வாரம் கழித்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். "எத்தனையோ வருஷமா மங்கலா பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வாரம் கூடப் பார்த்ததுல என்ன குறைஞ்சு போச்சு?" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவரிடமாவது கணக்குத் தீர்ந்தது.

வார்டு ஆயாவிடம் தீரவில்லை. அத்தை நச்சரித்து, பெரிய சிஸ்டரிடம் மருத்துவமனைத் தாளில் ஒரு கடிதம் வாங்கினாள். அன்று நடந்ததில் வார்டு ஆயாவுக்குப் பங்கில்லை, எப்போது வந்தாலும் வேலை உண்டு என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடிதம். அதை எடுத்துக்கொண்டு அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். நாங்கள் போவதற்குள் காலி செய்துவிட்டிருந்தார். தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்றாராம். தங்கை எந்த ஊர் என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. தொலைபேசி எண்ணில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

மருத்துவமனைப் பின்வாசல் பூனைக்கு அப்பா மூட்டை கொடுக்கப் போகும்போதெல்லாம் சாப்பாடு வைத்துவிட்டு வருகிறார். பெரிய சிஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல இருக்கிறார். "இது வட்டிக்குக்கூட ஆகாது" என்பாள் அத்தை.

இதுவரை இரண்டு இடத்தில் தேடிவிட்டோம். போன மாதம், பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சமையலறை வாசலில் பூனைகளுக்குச் சாப்பாடு வைக்கிற ஒரு அம்மா புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அத்தை அரைநாள் கடையை மூடிவிட்டு என்னோடு பேருந்தில் வந்தாள். வேறு யாரோ. அந்த அம்மா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "வேற யாருகிட்டயோ கேட்க வேண்டிய மன்னிப்பை என்கிட்ட கேட்டுட்டீங்களே" என்று சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

திரும்பும்போது கேட்டேன். "அவங்க கிடைச்சா முதல்ல என்ன அத்தை சொல்லுவீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? அவதான் சொல்லணும். அந்த மூணு நாளு ஏன்டி வாயைத் திறக்கலைன்னு கேட்கட்டும், திட்டட்டும். நான் நின்னு கேட்கணும். அது நான் அவளுக்குத் தர வேண்டியது."

"அதுல பாதி என்னோடது அத்தை."

"அப்ப நீயும் பக்கத்துல நில்லு."

கடிதம் இரும்பு அலமாரியின் மேல்தட்டில், உறைக்குள் இருக்கிறது. உறையின்மேல் பெயர் எழுதவில்லை. பதினோரு வருடம் எல்லோரும் அவரை ஆயா என்றே கூப்பிட்டதால், அவருடைய பெயர் என்ன என்று கேட்க யாருக்கும் போன மாதம்வரை தோன்றவில்லை; மருத்துவமனைப் பதிவேட்டில் தேடித் தருவதாகப் பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.